பிழையின்றிச் சொன்னால்தான் மருந்து

மனுவில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நான் எழுதியதும் நம் குழுவில் ஒரு நாள் முழுக்க யாரும் எதுவும் போடவில்லை. காலை வணக்கப் பூக்கள்கூட வரவில்லை. மறுநாள் ஒருத்தி மட்டும், "உனக்கு என்ன ஆச்சு, நாமெல்லாம் ஒண்ணாப் படிச்சவங்க இல்லையா" என்று கேட்டிருந்தாள். ஒன்றாகப் படித்தவர்கள்தான். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். படித்து முடித்ததும் என்னைக் குழுவிலிருந்து நீக்குவதானால் நீக்கிக்கொள்ளுங்கள்.

மனுவில் என்ன எழுதியிருக்கிறீர்கள்? வடக்கே இருந்து ஒப்பந்த வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளை நாம் படித்த பள்ளியில் தனி வகுப்பில் உட்கார வைக்க வேண்டும். அவர்களோடு சேர்ந்தால் நம் பேரப்பிள்ளைகளின் பேச்சும் படிப்பும் கெட்டுப்போகும். நம் காலத்தில் டவுன்ஷிப் ஒரே குடும்பமாக இருந்தது. அந்தக் கடைசி வரியைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் கோபம் வந்தது. நாம் ஏழாம் வகுப்பு படித்த வருஷத்தை நீங்கள் சுத்தமாக மறந்துவிட்டீர்கள்.

நம் அப்பாக்கள் எல்லாம் எங்கிருந்து வந்தார்கள்? என் அப்பா திருநெல்வேலிக்குத் தெற்கே இருந்து வந்தார். உங்களில் ஒருத்தியின் அப்பா கோயம்புத்தூர், ஒருத்தியின் அப்பா மதுரை. ஒரு தகரப் பெட்டியும் படுக்கையும் கட்டிக்கொண்டு, 'பர்மனென்ட்' என்ற ஒரு சொல்லை நம்பி ரயில் ஏறி வந்து இறங்கியவர்கள். ஒரே மாதிரி குவார்ட்டர்ஸ், ஒரே மாதிரி வேப்பமரம், ஒரே சங்குக்கு எழுந்து ஒரே சங்குக்குத் தூங்கினோம். ஆனால் ஒருவர் வீட்டுப் பேச்சு அடுத்தவருக்குத் தெரியாது. தெரிந்துவிடாமல் பார்த்துக்கொண்டோம்.

என் அப்பா மைன்ஸில் ஷிப்ட் ஃபோர்மேன். அவருடைய மஞ்சள் ஹெல்மெட் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். அதன் உள்வாரில் வியர்வையும் தேங்காய் எண்ணெயும் கலந்த வாடை இருக்கும். நான் யாரும் பார்க்காதபோது எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு மோந்து பார்ப்பேன். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணின நாளில் அதை யார் எடுத்துப் போனார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை. கொடியில் காய்ந்த துணிகளை அம்மா மடிப்பதற்கு முன்னால் இரண்டு தட்டுத் தட்டுவாள். மின்நிலையப் புகையிலிருந்து படிந்த மெல்லிய சாம்பல் பறக்கும்.

அம்மா இங்கே வந்த முதல் வாரம் பக்கத்து வீட்டு அம்மாளிடம், "சோலியெல்லாம் முடிஞ்சிட்டா" என்று கேட்டாளாம். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் ஒரு மாதம் 'சோலி, சோலி' என்று கத்திக்கொண்டே எங்கள் வாசலைக் கடந்து போனார்கள். அதற்குப் பிறகு அம்மா கூட்டுறவுக் கடைக்குப் போனால் ஒரு துண்டுச் சீட்டை நீட்டுவாள். கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார். வாய் திறக்க மாட்டாள். ஆறு வருஷம் அப்படி. அம்மாவுக்குக் கூச்ச சுபாவம் என்றுதான் அப்பாவும் நானும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

நான் வேறு வழி எடுத்தேன். வாசற்படிக்கு உள்ளே 'சொல்லுதேன்', வெளியே 'சொல்றேன்'. ஒரு தடவைகூடத் தவறவில்லை.

ஜூனில் பள்ளி திறந்து பத்து நாள் கழித்து அவள் வந்தாள். பாவாடை யாரோ பெரிய பெண் உடுத்தி விட்டது, கீழே இரண்டு முறை மடித்துத் தைத்திருந்தது. எண்ணெய் வழிய இழுத்துப் பின்னிய சடை. காலில் செருப்பு இல்லை. பாதத்தில் செம்மண் காய்ந்திருந்தது. நமக்கு வகுப்பாசிரியையாக இருந்தவரே தமிழும் எடுத்தார், நாம் அவரைத் தமிழம்மா என்று சொல்வோம். அவர் அவளை முன்னால் நிறுத்தி, "எங்கிருந்து வருகிறாய்?" என்று கேட்டார்.

"கம்மாபுரம் பக்கமுங்க டீச்சர். முன்ன இங்கதான் இருந்தம். எங்கூரு மைன்ஸ்ல பூட்சி. இப்ப எங்க மாமா வூட்டாண்ட ஒரு வூடு போட்டுக்கினு இருக்கறம்."

ஒரு பெண் தன் ஊரே போய்விட்டது என்று சொல்கிறாள். நாம் 'வூட்டு'க்குச் சிரித்தோம். வகுப்பே சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் நான்தான். அது எனக்குக் கிடைத்த பட்டம் மாதிரி. முந்தின வருஷம்வரை அம்மாவின் 'சோலி'யை வைத்து என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். இப்போது சிரிக்கிற பக்கத்தில் எனக்கு இடம் கிடைத்துவிட்டது.

தமிழம்மா பலகையில் 'வீடு' என்று எழுதி, பத்து முறை சொல்லச் சொன்னார். அவள் பத்து முறையும் சரியாகச் சொன்னாள். போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். அவளுடைய அப்பா சுரங்கத்தில் கரி ஓடும் பெல்ட்டுக்கு அடியில் சிந்துவதை வாரிப் போடுகிற ஒப்பந்தக் கூலி என்று மறுநாள் தெரிந்தது. அவளுக்கு நாம் வைத்த பெயர் 'வூடு'. இந்தக் குழுவில் யாருக்காவது அது ஞாபகம் வருகிறதா?

செப்டம்பரில் தமிழ் இலக்கிய மன்ற விழா. தமிழம்மாவே நாடகம் எழுதினார். ஓர் அரசன் நீதி வழங்குகிறான். பெரிய ஆபீசர் ஒருவரின் மகள் அரசன், நான் அமைச்சர், கோயம்புத்தூர்க்காரியும் மதுரைக்காரியும் வழக்குச் சொல்ல வருகிறவர்கள். அவளுக்குக் கவரி வீசுகிற வேலை. "உனக்கு வசனம் வேண்டாம். நின்றால் போதும்," என்றார் தமிழம்மா. எங்களுக்கு வசனம் வரவில்லை என்பது வேறு விஷயம். சொல்லும்போதெல்லாம் யாரோ எழுதிக் கொடுத்த கடிதத்தைப் படிக்கிற மாதிரி இருக்கும். "பிழையின்றிச் சொல். பிழையின்றிச் சொல்," என்று தமிழம்மா மேஜையைத் தட்டுவார்.

ஒருநாள் மதியம் நல்ல மழை. ஒத்திகைக்காகக் கூடிய நாங்கள் சைக்கிள் கொட்டகையில் ஒதுங்கி நின்றோம். தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தத்தில் பக்கத்தில் பேசுவதே கேட்காது. கோயம்புத்தூர்க்காரி ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள். வேகவைத்து உப்புப் போட்டது, இன்னும் சூடு ஆறவில்லை. ஈரமண் வாடையோடு அந்த வாடையும் சேர்ந்து எழுந்தது.

"ஐ, மல்லாட்ட" என்றாள் கவரி வீச வந்த அவள்.

சிரித்தோம். அவள் கோபப்படவில்லை. ஒன்றை எடுத்து உடைத்துக்கொண்டே என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"ஒங்க வூட்ல இத்த இன்னான்னு சொல்லுவீங்க?"

"நிலக்கடலை."

"அது பொஸ்தவத்துல. வூட்ல?"

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் யாரிடமும் கேட்டதில்லை. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கோயம்புத்தூர்க்காரிதான் முதலில் வாய் திறந்தாள். "எங்கூட்ல கடலக்கா. எங்கம்மா அப்படித்தானுங் சொல்லும்." அந்த 'ங்' அவளை அறியாமல் வந்துவிட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மதுரைக்காரி, "எங்க வீட்ல வெறும் கடலதான்," என்றாள். பிறகு, கேள்வியை ஆரம்பித்தவளே அடுத்ததைக் கேட்டாள். சாப்பிட்டது வெளியே வந்தால் என்ன சொல்வீர்கள்?

"சத்தி" என்றேன் நான். என் வாயில் எங்கள் வாசற்படியைத் தாண்டி வந்த முதல் சொல் அது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். யாருக்கும் அதில் வலி இல்லை. மணி அடித்தது எங்கள் காதில் விழவில்லை.

மதுரைக்காரி அவளிடம், "நீ டெய்லி வெளியூர்ல இருந்து எப்படி வர்ற, பஸ்லயா?" என்று கேட்டாள்.

"நான் வெளியூரா?" தொலியை ஊதிவிட்டு அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். "நாங்க எங்கியும் போவல. நீங்கதான வந்தீங்க."

எனக்கு அது சுரீர் என்றது. அறுபதைத் தாண்டியும் அந்தச் சுரீர் போகவில்லை.

அன்றிலிருந்து தினம் மதியம் சைக்கிள் கொட்டகை. ஒருத்தி வீட்டில் பேசுவதை இன்னொருத்தி பேசிக் காட்டுவாள். அதில் அவளை மிஞ்ச ஆளில்லை. பார்த்தே இராத என் அம்மாவை, நான் சொன்ன நாலு சொல்லை வைத்துக்கொண்டு அப்படியே கொண்டுவந்து நிறுத்தினாள். ஆறு வருஷமாகக் கடைத்தெருவில் வாய் திறக்காத என் அம்மாவின் குரல், மழைக்கு நடுவே, பள்ளிக்கூடத்தில் கேட்டது.

கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் நாடகமாக எழுதியது நான். இதை அழுத்திச் சொல்கிறேன். எழுதியது நான், யாருக்கு என்ன வேஷம் என்று சொன்னதும் நான். ஆஸ்பத்திரியில் மூன்று பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். மூன்று பேருக்கும் ஒரே வயிற்றுவலி. டாக்டருக்குப் பாடப்புத்தகத் தமிழ் மட்டும்தான் தெரியும். டாக்டர் வேஷம் அவளுக்கு. சைக்கிள் ட்யூபையும் பவுடர் டப்பா மூடியையும் வைத்து ஒரு ஸ்டெதாஸ்கோப் செய்தோம். அதைப் போட்டுக்கொண்டதும் அவள் தலையை ஒரு பக்கம் சாய்த்து, இல்லாத கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டு, "தங்களுக்கு யாது நோய்?" என்றாள். அச்சு அசல் தமிழம்மா. இவ்வளவு சுத்தமாகப் பேசத் தெரிந்தவள் ஏன் 'வூடு' என்கிறாள் என்று கேட்டேன்.

"வூட்ல இருக்கறவங்ககிட்ட வூடுன்னுதான பேச முடியும்," என்றாள். எனக்கு அப்போது புரியவில்லை.

விழா நாள் மதியம் அரசனுக்கு அம்மை போட்டுவிட்டது. மேடையில் தலைமை விருந்தினர் வந்து உட்கார்ந்தாகிவிட்டது. பந்தலில் அப்பாக்கள், அம்மாக்கள், முதல் ஷிப்ட் முடிந்து அப்படியே வந்தவர்கள். தமிழம்மாவுக்கு நெற்றியெல்லாம் வியர்வை. நான் போய், "எங்களிடம் வேறு நாடகம் இருக்கிறது அம்மா," என்றேன். என்ன ஏது என்று கேட்கவில்லை. "போங்கள், போங்கள்," என்று தள்ளிவிட்டார்.

நான் முதலில் போனேன். "வயிறு கடுகடுங்கு டாக்டரே. ராத்திரி பூரா பொரளுதேன்."

கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து ஒருவர் கனைத்தார். எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரராக இருக்க வேண்டும்.

"அம்மணி, தாங்கள் உரைப்பது விளங்கவில்லை. பிழையின்றிச் சொல்லுங்கள். பிழையின்றிச் சொன்னால்தான் மருந்து."

கோயம்புத்தூர்க்காரி வந்தாள். "வகுறு நோவுதுங். ஒரே நோவா நோவுதுங்."

"பிழையின்றிச் சொல்லுங்கள்."

மதுரைக்காரி வந்தாள். "வயித்துக்குள்ள என்னமோ அங்கிட்டும் இங்கிட்டும் உருளுது சார்."

"பிழையின்றி."

பந்தல் குலுங்கியது. அந்தந்த மாவட்டத்து ஆட்கள் அந்தந்த இடத்தில் கைதட்டினார்கள். அதுவரை ஒருவருக்கொருவர் மறைத்து வைத்திருந்த பேச்சு மேடையில் ஏறி நின்றது. யாரும் செத்துப்போகவில்லை. நோட்டில் நாடகம் அதோடு முடிகிறது. ஆனால் அவள் நிறுத்தவில்லை. ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேடையில் சுருண்டு விழுந்தாள். "யம்மா, வவுறு வலிக்குதே. யாராச்சும் வாங்களேன்."

நான் பந்தலைப் பார்த்தேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவளிடம் எதையோ சொல்லி, தோளில் தட்டி, மறுபடி சிரித்தாள். அம்மா அடுத்தவர் தோளில் தட்டி நான் பார்த்ததே இல்லை.

தமிழம்மா மேடைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். தலைமை விருந்தினரும் சிரித்தார் என்பதுதான் அவருக்குப் பெரிய அவமானமாகிவிட்டது என்று இப்போது நினைக்கிறேன். எங்களைப் பார்த்து, "ஏன்டி இப்படிப் பண்ணிட்டிய?" என்றார்.

பண்ணிவிட்டீர்கள் என்று சொல்லவில்லை. 'பண்ணிட்டிய' என்றார். அதுவும் ஓர் ஊர்ப்பக்கத்துப் பேச்சு என்று எனக்கு உறைக்கப் பல வருஷம் ஆயிற்று. அவரையும் எங்கோ, யாரோ, பலகையில் ஒரு சொல்லை எழுதிப் பத்து முறை சொல்ல வைத்திருக்கிறார்கள். அதை நினைத்து அவருக்காக வருத்தப்படுகிறேன். அவர் அடுத்து, எல்லாம் அவள் வேலைதான் என்று தலைமையாசிரியையிடம் புகார் சொன்னதை மன்னிக்கவில்லை.

மறுநாள் தலைமையாசிரியை அறை. எங்கள் மூவருக்கும் கையில் இரண்டு அடி. ஸ்டெதாஸ்கோப்பும் என் நோட்டும் அவர் மேஜை இழுப்பறைக்குள் போயின. இரண்டும் திரும்பி வரவில்லை. அவளுக்கு அடி இல்லை. "அப்பாவை அழைத்து வா. அதுவரை பள்ளிக்கு வர வேண்டாம்." அந்த அப்பா ஒருநாள் வேலைக்குப் போகாவிட்டால் அடுத்த நாள் அந்த இடத்தில் வேறு ஆள் நிற்கும் என்பது அவருக்குத் தெரியுமோ, தெரியாதோ.

"எழுதியது நான் அம்மா," என்றேன் தலைமையாசிரியையிடம்.

"நீ நல்ல பெண். அவளைக் காப்பாற்றப் பார்க்கிறாய். இதெல்லாம் உனக்கு வராது. அவள் சொல்லிக் கொடுத்திருப்பாள்."

மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் என்னைப் பாராட்டினார். குற்றத்தை ஒப்புக்கொண்டும் அதை எனக்குத் தர மறுத்துவிட்டார்கள். அன்று வந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. வீட்டில் அம்மா, முந்தின நாள் அப்படிச் சிரித்த அம்மா, "அவ கூடச் சேராதட்டி. பேரு கெட்டுப் போவும்," என்றாள். "நீ சிரிச்சியேம்மா," என்றேன். அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

இரண்டு வாரம் அவள் வரவில்லை. ஒரு சனிக்கிழமை காலையில் நாங்கள் மூவரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு டவுன்ஷிப்பை விட்டு வெளியே போனோம். சொல்லாமல் போனோம். தார் ரோடு முடிகிற இடத்தில் வேப்பமரங்களும் முடிந்துபோயின. முந்திரித் தோப்பு, அதைத் தாண்டி மண் ரோடு. தூரத்தில் சுரங்கத்து மண்ணைக் கொட்டிக் கொட்டி எழுந்த மேடு ஒரு மலை மாதிரி நின்றது. அவள் வீடு கீற்றுக் கூரை. வாசலில் வைக்கோல் பிரி திரித்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் வர்ல," என்றாள். நாங்கள் கேட்பதற்கு முன்பே.

"நான் சொல்லிட்டேன், நான்தான் எழுதினேன்னு."

"நம்புனாங்களா?"

நான் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டேன்.

"நீ சொன்னா நம்ப மாட்டாங்க. நான் சொன்னாலும் நம்ப மாட்டாங்க. அப்பறம் இன்னாத்துக்கு வர்றது?"

அவளுடைய அம்மா கொல்லைப் பக்கத்திலிருந்து வந்தார். ஒல்லியான, உயரமான பெண். எங்களை உட்காரச் சொன்னார். என்ன நடந்தது என்று அதுவரை மகள் சொல்லவில்லை போல. "நாடவத்துல இன்னாதாம்மா பண்ணா இவ? செஞ்சிதான் காட்டுங்களேன்," என்றார்.

செய்து காட்டினோம். அந்த வாசலில், ஸ்டெதாஸ்கோப் இல்லாமல், வைக்கோல் பிரியை அவள் கழுத்தில் போட்டு, முழு நாடகத்தையும். அவளும் முதலில் மாட்டேன் என்றவள், டாக்டர் வசனம் வந்ததும் தானாகத் தலையைச் சாய்த்தாள். அந்த அம்மா ஒரு இடத்தில்கூடச் சிரிக்கவில்லை. முடிந்ததும் என்னிடம் கேட்டார்:

"அந்த டாக்டரு பேச்சு, தப்பில்லாம பேசனாளா?"

"ஒரு எழுத்துகூடத் தப்பில்லை."

அவர் கொஞ்ச நேரம் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, நீங்க போங்கம்மா. தேடுவாங்க," என்றார்.

நடுவில் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு பெண் வயிற்றுவலி என்று வந்தாள். புதிதாகச் சேர்ந்த டாக்டர், படித்த நல்ல பையன், எக்ஸ்ரே எடுக்க எழுதிவிட்டார். அவள் தயங்கித் தயங்கி, "முழுவாம இருக்கனுங்க," என்றாள். "பரவாயில்லம்மா, எக்ஸ்ரேக்குக் குளிச்சிட்டு வரணும்னு இல்ல," என்றார் அவர். நான் சீட்டை அவர் கையிலிருந்து வாங்கிவிட்டேன். அவள் குளிக்கவில்லை என்று சொல்லவில்லை, கர்ப்பமாக இருக்கிறேன் என்று சொல்கிறாள். இப்படி என் வேலைக்காலத்தில் எத்தனையோ. நெஞ்சு கரிக்கிறது என்பார்கள், மாரு அடைக்கிறது என்பார்கள், ஒரியாவில் சொல்வார்கள், இந்தியில் சொல்வார்கள். புரியாவிட்டால் நான் கேட்பேன்: உங்கள் வீட்டில் இதை எப்படிச் சொல்வீர்கள்? அந்தக் கேள்வியை எனக்கு எந்த நர்ஸிங் பள்ளியும் சொல்லித் தரவில்லை. சைக்கிள் கொட்டகையில் கற்றது. என் பேச்சு கெட்டுப்போகும் என்று யாரைப் பற்றிச் சொன்னார்களோ, அவளிடம் கற்றது.

அவள் தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது குறிஞ்சிப்பாடியில் இருக்கிறாள். அவளையும் சேருங்கள் என்று போன வருஷம் எண்ணைக் கொடுத்தேன். "யார் அது?" என்று கேட்டீர்கள்.

யார் என்று சொல்கிறேன். அவள் பள்ளிக்குத் திரும்பி வந்த திங்கட்கிழமையைச் சொல்கிறேன்.

நம் வகுப்புக்கும் தலைமையாசிரியை அறைக்கும் நடுவில் பலகைத் தடுப்புதான். தமிழம்மா பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் குரல் கேட்டதும் அவர் நிறுத்தினார். நாமும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.

"அப்பாவை அல்லவா அழைத்து வரச் சொன்னேன்?"

"அவரு வேலைக்குப் பூட்டாருங்க. பெத்தவ நானு. எங்கிட்ட சொல்லுங்க."

"உங்கள் பெண் ஆசிரியரைக் கேலி செய்திருக்கிறாள். மற்ற பிள்ளைகளின் பேச்சையும் கெடுக்கிறாள்."

"அந்த டாக்டரு பேச்சுல தப்பு எதுனா இருந்திச்சுங்களா?"

மேஜையில் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"தப்பில்லாம பேசு, தப்பில்லாம பேசுன்னு சொன்னீங்க. பேசிட்டா. எங்க பேச்ச பேசனா சிரிக்கறீங்க. ஒங்க பேச்ச பேசனா வூட்டுக்கு அனுப்பறீங்க. எம்பொண்ணு எப்பிடித்தாங்க பேசறது?"

"இதோ பாருங்கள். இது டவுன்ஷிப் பிள்ளைகளுக்கான பள்ளி. இங்கே இடம் கொடுத்ததே பெரிது."

அந்த அம்மாவின் குரல் உயராமல், இறங்காமல் வந்தது.

"எங்களுக்கு நெலம் கெடையாதுங்க. எந்தப் பத்திரத்துலயும் எங்க பேரு இல்ல. ஆனா இந்தப் பள்ளிக்கூடம் நிக்குதே, இது மல்லாட்டக் கொல்லைங்க. எம்பொண்ணு வயசுல நான் இந்த எடத்துல குனிஞ்சி மல்லாட்ட புடுங்கியிருக்கன். எங்கம்மாவும் புடுங்கியிருக்கு. கூலிக்குத்தான். இத்தினி ஊரு சனங்க வந்து பொழைக்கறாங்க, பொழைக்கட்டும், நாங்க ஒண்ணும் சொல்லல. எம்பொண்ணுக்கு ஒரு பெஞ்சில ஒரு எடம் கேக்கறன். அவ பேச்சோட."

தமிழம்மா கையில் சாக்பீஸ் இருந்தது. எழுதவும் இல்லை, வைக்கவும் இல்லை.

"சரி," என்றார் தலைமையாசிரியை. "வகுப்புக்குப் போகச் சொல்லுங்கள்."

"நான் போவச் சொல்ல மாட்டங்க. அனுப்பனது நீங்க. நீங்களே கூட்டிக்கினு போயி ஒக்கார வையிங்க."

நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. வராந்தாவில் செருப்புச் சத்தம் ஒன்று. பக்கத்தில் சத்தமே இல்லாத வெறுங்கால்கள். தலைமையாசிரியை வாசலில் வந்து நின்றார். அவருக்குப் பக்கத்தில் அவள். இரண்டு முறை மடித்துத் தைத்த பாவாடை, எண்ணெய் வைத்த தலை. வராந்தா ஓரத்தில் அவள் அம்மா, உள்ளே வராமல், நேராக நம்மைப் பார்த்துக்கொண்டு.

நாம் எழுந்தோம். வழக்கமாக எழுவதுதான். தலைமையாசிரியை, "உட்காருங்கள்," என்றார்.

அவள் கடைசி பெஞ்சைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். நான் இரண்டாவது பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டேன். அவள் நின்றாள், என் முகத்தைப் பார்த்தாள், பையைப் பெஞ்சின்மேல் வைத்தாள். உடனே உட்காரவில்லை. திரும்பி, வராந்தாவில் நின்ற அம்மாவைப் பார்த்தாள். அந்த அம்மா தலையை அசைத்த பிறகுதான் உட்கார்ந்தாள்.

அதற்குள் தலைமையாசிரியை இரண்டாம் முறையும், "உட்காருங்கள்," என்று சொல்லியிருந்தார். இந்தக் குழுவில் இருக்கும் அத்தனை பேரும் அன்று அந்த வகுப்பில் இருந்தீர்கள். அவள் உட்காருகிறவரை நீங்கள் ஒருத்தியும் உட்காரவில்லை.